பெண் பார்க்கிற வெயில்

எங்கள் பக்கத்தில் சூரியன் மலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். மேற்கே குற்றால மலை மதில் மாதிரி நிற்கிறது. அதனால் மற்ற ஊர்க்காரர்கள் இன்னும் வெயிலில் நடந்துகொண்டிருக்கும்போதே தென்காசியில் வெயில் போய்விடும். ஆனால் வெளிச்சம் போகாது. அதற்குப் பிறகுதான் வானத்தில் வேலை நடக்கும். முதலில் கோழிக்குஞ்சு நிறத்தில் ஒரு மஞ்சள். அது தடித்து அம்மியில் அரைத்த மஞ்சளாகும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு போட்டால் ஓரத்திலிருந்து சிவந்துகொண்டு வருமே, அதே மாதிரி மலை விளிம்பிலிருந்து சிவப்பு ஏறும். பிறகு கத்தரிப்பூ. கடைசியில் எல்லாம் தணிந்து திருநீறு மாதிரி ஆகிவிடும்.

இதில் அந்த அரைத்த மஞ்சள் நேரம் இருக்கிறதே, அது அதிகம் நிற்காது. ஒரு உலை கொதிக்கிற நேரம் இருந்தால் பெரிது. அந்த நேரத்தில் மண் சுவர்கூடப் பொன்பூச்சு பூசினது போல இருக்கும். எருமைக்கன்றுகூட அழகாகத் தெரியும். எங்கள் தெருவில் அதற்கு ஒரு பேர் உண்டு. 'பொண்ணு பாக்குத வெயில்' என்பார்கள்.

சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வருகிறவர்கள் அந்த வானத்தைப் பார்த்து வாயைப் பிளந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பகவான் எழுதின படம் என்பார்கள். பகவான் எழுதினதுதான், இல்லை என்று சொல்ல நான் யார். நாலாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினவள், கோயில், குளம், அடுப்படி என்று இருந்துவிட்டவள். ஆனால் அந்தப் படத்தை வைத்து மனிதர்கள் என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் நான் வாயைப் பிளப்பதில்லை.

எங்கள் வீடுகளில் ஒரு வழக்கம். விளக்கு வைக்கும் முன் பின்கதவைச் சாத்திவிட வேண்டும். முன்வாசலில் நுழைகிற லட்சுமி பின்வாசல் வழியாகப் போய்விடக் கூடாது என்பதற்காக. பிறந்த வீட்டிலும் சரி, புகுந்த வீட்டிலும் சரி, அம்மை சொல்லிக்கொடுத்தபடி தாழ்ப்பாளைப் போட்டு, கையைக் கழுவி, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, பிறகுதான் திரியைத் தொடுவேன். வீடுகள் கிழக்கே பார்த்தவை. ஆகவே பின்கதவு மேற்கே பார்த்தது. அதைச் சாத்தினால் மலையும் வானமும் அதோடு போயிற்று.

பெண் பார்க்க வருகிற நாளில் மட்டும் அந்தக் கதவைச் சாத்த மாட்டார்கள். விளக்கு காத்திருக்கும். லட்சுமியும் காத்திருக்க வேண்டியதுதான்.

என்னைப் பெண் பார்க்க வந்தபோது எனக்குப் பதினைந்து நடந்துகொண்டிருந்தது. குத்துக்கல்வலசையில் எங்கள் வீடு. பின்னால் தொழுவம், அதற்கப்பால் வயல், வயலுக்கு மேல் மலை. நான் கருப்பு. மாநிறம் என்று சொல்லிப் பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு இடம் தட்டிப்போன பிறகு, அம்மையோடு பிறந்த பெரியம்மை தென்காசியிலிருந்து வந்து காரியத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு முந்தின சாயங்காலங்களில் அவள் என்னை வீட்டுக்குள் ஒவ்வொரு இடமாக உட்கார வைத்துப் பார்த்தாள்.

"ஏட்டி, கொஞ்சம் வடக்க தள்ளி இரி. அங்கன இல்ல, இங்கன. முகத்தைத் தூக்கு. இம்புட்டுத் தூக்காத, களுத்து தெரியுது."

பின்கதவுக்கு நேரே உள்கூடத்துத் தூணருகில் இடம் தீர்மானமாயிற்று. சேலை மாந்தளிர் நிறம். அம்மை மஞ்சள் பட்டுச்சேலையை எடுத்துக் கொண்டுவந்தபோது பெரியம்மை அதைத் திருப்பி அனுப்பினாள். "மஞ்சச் சேலை கட்டுனா வெளிச்சத்தை எல்லாம் சேலை குடிச்சிரும். முகத்துக்கு என்ன மிஞ்சும்?"

அம்மைக்கு மனம் கேட்கவில்லை. "எக்கா, நாம பொண்ணைக் காட்டப் போறோமா, வெயிலைக் காட்டப் போறோமா?"

"ரெண்டையுந்தான் காட்டப் போறோம். நீ சும்மா கெட."

அவர்கள் கீழப்பாவூரிலிருந்து வில்வண்டியில் வந்தார்கள். வழியில் தென்காசிக் கோயிலில் இறங்கிவிட்டார்கள். விசுவநாதரையும் உலகம்மையையும் தரிசிக்காமல் நல்ல காரியத்துக்குப் போவதா என்று மாப்பிள்ளையின் அம்மாதான் இறங்கச் சொன்னாராம். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பெரியம்மை பின்வாசல் படியில் நின்று, அடுப்பில் வைத்த பாலைப் பார்க்கிற மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சாமி கும்பிடுததுக்கு ஒரு நேரங்காலம் வேண்டாமா, சவத்து மனுசங்க" என்று சொல்லிவிட்டு, உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அந்தக் காலத்தில் தென்காசிக் கோபுரம் இடி விழுந்து இரண்டாகப் பிளந்துதான் நின்றது. கிழக்கே நின்று பார்த்தால் அந்தப் பிளவுக்குள் செவ்வானம் தெரியும். அதைப் பார்த்துவிட்டு அவர்கள் அங்கேயே நின்றுவிடப் போகிறார்கள் என்பது பெரியம்மையின் பயம்.

சரியான நேரத்துக்கு வந்துவிட்டார்கள். வானம் அரைத்த மஞ்சளாக இருந்தது. கதவு வழியாக அது உள்ளே வந்து, கூடத்தைக் கடந்து, என் முகத்தில் விழுந்தது. மாப்பிள்ளையின் அம்மா என் தாடையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். "மகாலட்சுமி மாதிரில்லா இருக்கா" என்றார். மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் நிழல் நீளமாகத் தன் கால்வரைக்கும் வந்திருந்ததாகவும், அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்ததாகவும் வெகுகாலம் கழித்து ஒரு நாள் சொன்னார். வெற்றிலை மாற்றினார்கள். அதற்குப் பிறகுதான் அம்மை பின்கதவைச் சாத்திவிட்டு விளக்கை ஏற்றினாள்.

முகூர்த்தம் விடிவதற்கு முன். ஓமப்புகை, குத்துவிளக்கு, முகமெல்லாம் மஞ்சள். யார் எந்த நிறம் என்று யாருக்குத் தெரியும். மறுநாள் கீழப்பாவூரில் வெயில் ஏறின பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு முன்வாசலுக்கு வந்தேன். மாமியார் கையில் விளக்குமாற்றோடு நின்றிருந்தார். என்னை மேலிருந்து கீழே பார்த்தார். பக்கத்தில் நின்ற பெண்களிடம், "இது யாரு?" என்று கேட்டார்.

அவர்கள் சிரித்தார்கள். மாமியார் சிரிக்கவில்லை.

அன்றைக்கு ஆரம்பித்தது. எனக்கு அந்த வீட்டில் 'அந்தி' என்று பேர் விழுந்தது. "ஏட்டி அந்தி, மாட்டுக்குத் தண்ணி காட்டுனியா?" "அந்தி வெச்ச கொளம்பு அந்தி மாதிரிதான் இருக்கும், நேரம் போனா நெறம் போயிரும்." வெளிச்சத்தில் ஏமாந்து எடுத்த சேலை என்று என்னைப் பற்றி ஊரெல்லாம் சொன்னார். எங்கள் வீட்டில் பின்கதவைத் திறந்து வைத்து ஏமாற்றியதாகவும், அந்தக் கதவு வழியாகத்தான் தன் வீட்டு லட்சுமி போய்விட்டதாகவும் சொன்னார். கறவை வற்றினால் அந்தக் கதவு. மழை பொய்த்தால் அந்தக் கதவு.

தினமும் சாயங்காலம் புறவாசலில் பக்கத்து வீட்டுப் பெண்கள் கூடுவார்கள். முறத்தோடு ஒருத்தி, குழந்தையோடு ஒருத்தி. மேற்கே மஞ்சள் ஏறினதும் மாமியார் குரல் கொடுப்பார்.

"எல்லாரும் வாங்கட்டி, எம் மருமவ வெளுக்குத நேரம் வந்துட்டு!"

நான் மாட்டுத் தொட்டியில் குனிந்துகொள்வேன். குனிந்தாலும் அந்த வெளிச்சம் என் கையில் விழத்தான் செய்யும். கழுநீரில் நனைந்த என் கை பொன்னாக இருக்கும். அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்காது.

ஒன்று சொல்ல வேண்டும். மாமியாரும் கருப்புதான். என் வீட்டுக்காரர் அவரைவிட ஒரு படி மேல். அந்த வீட்டில் கருப்பில்லாதது சுண்ணாம்புப் பானை ஒன்றுதான். ஆனால் ஆணுக்கு நிறம் பார்ப்பதில்லை, மாமியாருக்கும் பார்ப்பதில்லை. வீட்டுக்காரர் நல்ல மனிதர். ஒரு நாளும் கைநீட்டியதில்லை, அந்தி என்று கூப்பிட்டதும் இல்லை. ஆனால் கூப்பிடுகிற இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

கீழப்பாவூரில் நரசிம்மர் கோயில் இருக்கிறது. பிரதோஷ வேளையில் அங்கே போய் நிற்பேன். சாயங்காலம் மாட்டு வேலையிலிருந்து தப்பிக்க அந்த வீட்டில் எனக்கு அது ஒன்றுதான் அனுமதி. அந்தச் சாமி வந்தது எந்த நேரம்? பகலும் இல்லாத, இரவும் இல்லாத அந்தி நேரம். எங்கே வந்தது? உள்ளும் இல்லாத, வெளியும் இல்லாத வாசற்படி. "அப்பா, இதே நேரத்துல ஒரு பிள்ளைக்காக நீ தூணைப் பொளந்துக்கிட்டு வந்தே. எங்க வீட்டுத் தூணடியிலயும் ஒரு பிள்ளையைத்தான் உக்கார வெச்சாக. நீ வரலையே" என்று கேட்டிருக்கிறேன். வாய்விட்டுக் கேட்டதில்லை, மனதுக்குள். பிறகு தீர்த்தம் வாங்கிக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து பின்கதவைச் சாத்துவேன்.

எனக்கு மகள் பிறந்தாள். அவள் அப்பாவின் நிறம். மூக்கும் முழியும் களையாக இருக்கும், வாய் ஓயாது, ஏழாம் வகுப்புவரை படித்தாள். மாமியாருக்கு அவள் என்றால் உயிர். பேத்தியை 'ராசாத்தி' என்றும், பெற்றவளை 'அந்தி' என்றும் ஒரே மூச்சில் கூப்பிடுவார். அவளைத் தொட்டிலில் போட்ட நாளிலேயே நான் நரசிம்மரிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன். வேறு எதுவும் வேண்டாம், வசதி வேண்டாம், இவளை யாரும் அந்த வெளிச்சத்தில் பார்த்து எடுக்கக் கூடாது. உச்சி வெயிலில் பார்த்து, இவளை இவளாகவே எடுக்கட்டும். புகுந்த வீட்டில் ஒருத்தி விளக்குமாற்றோடு நின்று 'இது யாரு' என்று கேட்கக் கூடாது.

அவள் வளர்ந்து நின்றபோது உலகச் சண்டைக்காலம். மண்ணெண்ணெய் கிடைக்காமல் இலுப்பை எண்ணெய்க்குத் திரும்பியிருந்தோம். இலத்தூரிலிருந்து ஒரு இடம் வந்தது. நிலபுலம் உள்ள குடும்பம். சாரல் காலத்தில் அவர்கள் குற்றாலத்தில் வந்து தங்குவார்கள் என்றும், நாமும் குளிக்கப் போன மாதிரி போனால் கோயிலில் வைத்துப் பெண்ணைப் பார்த்துக்கொள்வார்கள் என்றும் தரகர் சொன்னார். பிடிக்காவிட்டாலும் பெண் வீட்டுக்குக் கௌரவக் குறைச்சல் இல்லை. அப்படித்தான் நிறைய வீடுகளில் செய்தார்கள்.

"எப்பம் பாக்கதுக்கு வருவாக?" என்று கேட்டார் மாமியார்.

"நீங்க சொல்லுத நேரம், ஆச்சி" என்றார் தரகர்.

மாமியார் யோசிக்கவே இல்லை. "சாயரட்சைக்கு வரச்சொல்லு. சாரல் விட்டா அந்நேரம் வானம் நல்லா இருக்கும்."

நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கரண்டி என் கையில்தான் இருந்தது. எத்தனை வருடம் எந்த வெளிச்சத்தைச் சொல்லி என்னை அரைத்தாரோ, அதே வெளிச்சத்தை அதே வாயால் கேட்டு வாங்குகிறார்.

அன்றிரவு வீட்டுக்காரரிடம் சொன்னேன். "காலையில வரச்சொல்லுங்க. உச்சி வெயில்ல பாக்கட்டும். என்னைப் படுத்துன பாடு எம் பொண்ணுக்கு வேண்டாம்."

"அம்மா சொல்லுதாளே" என்றார்.

"அம்மா எனக்கும் என்னெல்லாமோ சொன்னாக."

அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

குற்றாலத்தில் சத்திரத்தில் இடம் பிடித்துத் தங்கினோம். அன்றைக்கு மத்தியானம்வரை சாரல். பிறகு விட்டுவிட்டது. குற்றாலம் மலைக்கு அடியிலேயே இருப்பதால் சூரியன் சீக்கிரமே மறைந்து, அருவிப் பக்கம் இருட்டினாற் போல ஆகிவிடும். ஆனால் தலைக்கு மேலே மேகமெல்லாம் பற்றிக்கொள்ளும். அந்த வெளிச்சம் மேலேயிருந்து, மஞ்சள் தண்ணீரைச் சொம்பில் எடுத்து ஊற்றுகிற மாதிரி இறங்கும். குற்றாலநாதரையும் குழல்வாய்மொழி அம்மையையும் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தோம். மகளை வாசல் மண்டபத்துப் படியில் மாமியார்தான் உட்கார வைத்தார். "ராசாத்தி, கொஞ்சம் இப்படித் திரும்பி இரி" என்றார். என் பெரியம்மையின் குரலே மறுபடி கேட்டது போல இருந்தது.

இலத்தூர் அம்மா வந்தார். பருத்த உடம்பு, வாய் நிறைய வெற்றிலை, நல்ல சிரிப்பு. மகளிடம் ரெண்டு வார்த்தை பேசினார். "மூக்கைப் பாரு, எழுதி வெச்ச மாதிரி" என்றார். மாமியாரின் முகம் மலர்ந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது, முடிந்துவிடும் என்று. அந்த அம்மா எச்சில் துப்ப மண்டபத்து ஓரத்துக்கு வந்தபோது நான் பின்னாலேயே போனேன்.

"ஒரு வார்த்தை..."

"சொல்லுங்க மதினி."

"இந்த வெளிச்சத்தை நம்பிராதீங்க. எம் பொண்ணு நெறம் இது இல்ல. நாளைக்குக் காலையில, வெயில் ஏறுனதும், சத்திரத்துக்கு வந்து இன்னொரு தடவை பாத்துட்டு முடிவு சொல்லுங்க. பிடிக்கலைன்னா அப்பமே சொல்லிருங்க. நாங்க ஒண்ணும் நினைக்க மாட்டோம்."

அந்த அம்மா என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு உடம்பு குலுங்கச் சிரித்தார்.

"ஐயோ மதினி, இது எங்களுக்குத் தெரியாதாக்கும்? என்னை அந்தில பாத்துத்தான் எடுத்தாக. எங்க மாமியாளும் அப்படித்தான் வந்தாளாம். பட்டப்பகல்ல எவ பொண்ணு பாக்கப் போவா?"

எனக்குப் புரியவில்லை. "தெரிஞ்சா பின்னே எதுக்கு அந்நேரம் வாரீக?"

"தெரிஞ்சே எடுத்தோம்னு ஆயிட்டா பொறவு வாயத் தொறக்க முடியுமா? ஏமாந்துட்டோம்னு சொல்லுததுக்கு ஒரு இடம் வேணும்லா. வாரவளை அடக்கி வைக்க மாமியாக்காரி கையில வேற என்னதான் இருக்கு?" என் தோளில் தட்டினார். "சும்மா தமாசுக்குச் சொன்னேன் மதினி, முகத்தை அப்படி வெச்சுக்கிடாதீங்க. நாளைக்குக் காலையில வாரோம். வெயில்லயே பாப்போம்."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். நான் அங்கேயே நின்றேன். மேலே மஞ்சள் சிவந்து, சிவப்பு கத்தரிப்பூவாகிக்கொண்டிருந்தது. எனக்கு அன்றைக்குத்தான் கண் திறந்தது. என் மாமியார் ஏமாறவில்லை. ஒரு நாளும் ஏமாறவில்லை. தென்காசிக் கோயிலில் கும்பிட்டுவிட்டு, குத்துக்கல்வலசை வீட்டுக்குள் கால் வைத்து, என் தாடையைத் தூக்கிப் பார்த்தபோதே அவருக்குத் தெரியும். வெளுத்த பெண் வேண்டுமென்று அவர் வரவில்லை. குறை சொல்லத் தோதான பெண் வேண்டுமென்று வந்தார், கிடைத்தது. ஏமாந்தது நாங்கள். பெரியம்மை தன் சாமர்த்தியம் என்று நினைத்தாள். அம்மை அதைப் பாவக் காரியம் என்று நினைத்தாள். நான், என்னால் ஒரு குடும்பம் மோசம் போயிற்றே என்று நினைத்து, அத்தனை வருடமும் அந்தக் குற்றத்தைச் சுமந்து மாட்டுத் தொட்டியில் குனிந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் மகளைக் குளிக்கவைத்து, மஞ்சள்கூடப் பூசாமல், சத்திரத்து முன்முற்றத்தில் உட்கார வைத்தேன். குற்றாலத்தில் காலை வெயில் கிழக்கேயிருந்து நேராக வந்து விழும். ஒளிவு மறைவு கிடையாது. தட்டில் வாழைப்பழமும் வெற்றிலையும் வைத்திருந்தோம். அருவியில் குளித்துவிட்டு ஈரத்துணியோடு போகிறவர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டே போனார்கள். வெயில் ஏறிற்று. மகள் நெற்றியில் வேர்த்தது. கூரையிலிருந்து ஒரு குரங்கு இறங்கி வந்து, அவளைப் பார்த்து, தட்டைப் பார்த்து, பழச்சீப்பை எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது.

மாமியார் சுவரில் சாய்ந்தபடி சொன்னார். "அந்தக் கொரங்காவது வந்து பாத்துட்டுப் போச்சே."

மத்தியானத்துக்கு முன்னால் தரகர் தனியாக வந்தார். பெண்ணைக் குறை சொல்லவில்லை, பெண்ணின் அம்மாவுக்கு வாய் நீளம் என்று அவர்கள் வீட்டில் அபிப்பிராயப்படுகிறார்கள் என்றார். சம்பந்தம் பேசுகிற இடத்தில் பேச்சு அடக்கமாக இருக்கவேண்டுமாம்.

வண்டியில் திரும்பும்போது மாமியார் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். "நான் உன்னை எத்தனை காலமா வெச்சுப் பொறுத்தேன். ஒரு சாயங்காலம் உன்னால பொறுக்க முடியலையே, பாவி. பிள்ளை வாழ்க்கையில மண்ணைப் போட்டுட்டியே."

தென்காசி தாண்டினதும் நான் கேட்டேன். வந்த நாளிலிருந்து அவரை எதிர்த்து ஒரு கேள்வி கேட்டது அதுதான். "அத்தை, உங்களை எந்நேரத்துல பொண்ணு பாத்தாக?"

மாமியார் என்னைப் பார்க்கவில்லை. மகனிடம், "மாட்டைப் பாத்து ஓட்டச் சொல்லு, முன்னால பள்ளம் கெடக்கு" என்றார்.

பள்ளம் எதுவும் இல்லை. நேரான ரஸ்தா.

நான் அன்றைக்குச் சொன்னது தப்பு என்று இந்த நிமிடம்வரை எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அதற்குப் பிறகு இரண்டு வருடம் வீட்டு வாசலில் ஒரு வண்டி நிற்கவில்லை. குற்றாலத்துச் சேதி கீழப்பாவூருக்கு எங்களுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. வாய் நீண்ட அம்மா பெற்ற பெண்ணை யார் எடுப்பார்கள்? புறவாசலில் மாமியார் இப்போது என் நிறத்தைப் பற்றிப் பேசுவதில்லை, அதற்குப் பதில் என் வாயைப் பற்றிப் பேசினார். மகளின் பேச்சு குறைந்தது. தன் வயதுப் பெண்கள் பிள்ளையோடு வரும்போது அவள் தொழுவத்துக்குள் போய்விடுவாள். நரசிம்மரிடம் போய் நின்றால் எனக்கு ஒன்றும் கேட்க வாய் வரவில்லை. கற்பூரத்தை ஒற்றிக்கொண்டு வந்துவிடுவேன்.

பிறகு தென்காசியிலிருந்து ஒரு இடம் வந்தது. சாயங்காலம் வீட்டுக்கே வந்து பார்ப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் மகள் என்னைத் தொழுவத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"எம்மா, இந்தத் தடவை நீ ஒண்ணும் பேசாத."

"உனக்காகத்தானேட்டி பேசினேன். என்னை மாதிரி நீ ஆயிரக்கூடாதுன்னு..."

"உன்னை மாதிரி ஆனா என்னம்மா?" என்றாள். கோபமே இல்லை குரலில். "நீ உசுரோடதானே இருக்கே."

அந்த இலத்தூர் அம்மா சொன்னதை அவளிடம் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. தெரிந்துகொண்டு போய் உட்காருவதைவிடத் தெரியாமல் உட்காருவது மேல் என்று விட்டுவிட்டேன். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்ததோ என்னவோ.

அன்றைக்குச் சாயங்காலம் அவளே சேலையைத் தேர்ந்தெடுத்தாள். மஞ்சள் இல்லை. அவளே உள்கூடத்துக்கு வந்து, முகத்தைத் தூக்கிப் பார்த்து, ஒரு சாண் தள்ளி உட்கார்ந்துகொண்டாள். யாரும் சொல்லித் தரவில்லை. பின்கதவு திறந்திருந்தது. மேற்கே அரைத்த மஞ்சள் ஏறி வந்து, தொழுவத்தைத் தாண்டி, படி தாண்டி அவள் முகத்தில் விழுந்தது. என் மகள் பொன்விக்கிரகம் மாதிரி இருந்தாள். வந்த அம்மா அவள் தாடையைத் தொட்டு, "மகாலட்சுமிதான்" என்றார். நான் அடுப்படி வாசலில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். வெற்றிலை மாற்றின பிறகு போய்ப் பின்கதவைச் சாத்தினேன். விளக்கை ஏற்றினேன்.

கல்யாணம் முடிந்து, ஆடிக்கு அவளை அழைத்து வந்தோம். முதல் ஆடி. வந்த அன்றைக்கே எல்லாரிடமும் நன்றாகப் பேசினாள். புகுந்த வீட்டில் மாடு எத்தனை, கிணறு எத்தனை ஆழம், கோயில் எவ்வளவு பக்கம் என்றெல்லாம் சொன்னாள். அவள் மாமியார் எப்படி என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்காக" என்றாள். மாப்பிள்ளை? "அவுகளும்." எனக்கு நெஞ்சில் சற்றுப் பாரம் இறங்கினது போல இருந்தது. ஒருவேளை நரசிம்மர் கேட்டிருக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு உள்ளே வந்தேன். சாரல் காற்று அடித்தது. மலைமேல் வானம் இன்னும் வெளுப்பாகத்தான் இருந்தது. மஞ்சள் ஏறவே ஆரம்பிக்கவில்லை. மகள் கூடத்திலிருந்து எழுந்து போய்ப் பின்கதவைச் சாத்தினாள்.

"இன்னும் நேரம் கெடக்கேட்டி" என்றேன்.

"இருக்கட்டும்மா."

தாழ்ப்பாளைப் போட்டாள். போட்டுவிட்டு, அதன் மேல் கையை வைத்தபடி, கதவைப் பார்த்தே கொஞ்ச நேரம் நின்றாள். நான் அவள் முதுகைப் பார்த்தேன். கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள், நான் வளர்த்த பெண் அல்லவா.

வீட்டுக்குள் இருட்டிவிட்டது. தீப்பெட்டியைத் தடவி எடுத்தேன். அன்றைக்கு எங்கள் வீட்டில், வெளியே நல்ல வெளிச்சம் இருக்கும்போதே விளக்கு ஏறியது.